சாட்சிக்குத் தீங்கிழைக்கலாகாது
(ஜும்ஆ பேருரை)

  

புகழனைத்தும் ஏக இறைவனாம் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னருகே வந்தமர்ந்தார். "ஹஜ்ரத், எனக்கொரு சந்தேகம். இரகசியம் காப்பதாக உறுதிமொழி அளித்து ஒருவர் வேலையில் சேர்கிறார். அங்கே பெரும் அநீதி நடப்பதைக் கண்ணால் காண்கிறார். வெளியே சொன்னால் வாக்கு மீறியவர் ஆகிறார். சொல்லாவிட்டால் அநீதிக்குத் துணைபோனவர் ஆகிறார். அவர் என்னதான் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அமெரிக்க உளவுத்துறை ஊழியர்களைப் பற்றிப் படித்ததால் தமக்கு இக்கேள்வி எழுந்தது என்றும் கூறினார்.

நல்ல கேள்வி. "அடுத்த ஜும்ஆவில் பேசுகிறேன் தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாக்கை இன்று நிறைவேற்றுகிறேன்.

இரு வசனங்கள்

சகோதரர்களே! திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் கடன் கொடுக்கல் வாங்கல் பற்றிப் பேசும் நீண்ட வசனம் ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அது 282ஆம் வசனம். கடனை எழுதி வைத்தல், சாட்சிகளை ஏற்படுத்துதல் ஆகியவற்றை விளக்கிய பின், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரக்கூடாது என்று அவ்வசனம் எச்சரிக்கிறது. அதற்கடுத்த 283ஆம் வசனமோ சாட்சியத்தை மறைக்கலாகாது என்று கட்டளையிடுகிறது.

இவ்விரண்டின் வரிசையைச் சற்றே கவனியுங்கள். சாட்சியை மறைக்காதே என்ற கட்டளை பின்னால் வருகிறது. சாட்சிக்குத் தீங்கு நேரலாகாது என்ற பாதுகாப்பு முன்னால் வந்துவிடுகிறது. பேசச் சொல்வதற்கு முன்பே, பேசுபவனுக்குக் காவல் வைக்கப்படுகிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. அங்கே வரும் 'யுளார்ர' என்ற அரபுச் சொல்லுக்கு இரு வகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். சாட்சி எவருக்கும் தீங்கு செய்யலாகாது என்பது ஒன்று. சாட்சிக்கு எவரும் தீங்கு செய்யலாகாது என்பது மற்றொன்று. ஒரே சொல், இரு பக்கமும் கட்டுகிறது. அந்த இளைஞரின் கேள்விக்கான விடை இவ்விரு பொருள்களுக்குள்ளும் அடங்கியுள்ளது. ஆகவே இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரகசியமும் ஓர் அமானிதமே

முதலில், சாட்சி தீங்கு செய்யலாகாது என்ற பக்கம்.

ஓர் அரசுக்கு இரகசியங்கள் இருக்கத்தான் செய்யும். எல்லையில் படை எங்கே நிற்கிறது, எதிரியின் கூடாரத்திலிருந்து செய்தி தருபவர் யார் என்பனவற்றைச் சந்தையில் கூவ முடியாது. கூவினால் உயிர்கள் போகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நயவஞ்சகர்களின் பெயர்களை ஹுதைஃபா (ரலி) அவர்களிடம் மட்டுமே இரகசியமாகக் கூறி வைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். அதனாலேயே அவர்கள் நபியவர்களின் இரகசியக் காப்பாளர் என்று அழைக்கப்பட்டார்கள். நம்பி ஒப்படைத்த இரகசியம் அமானிதம். அதைக் காப்பது ஈமானின் பண்பு.

ஆகவே உளவுத்துறையில் பணியாற்றும் ஒருவர் கண்டதையெல்லாம் வெளியே கொட்டலாம் என்று எவரும் கூற முடியாது. கூலிக்காகவோ, மேலதிகாரி மீதுள்ள காழ்ப்பினாலோ, பெயர் பெறும் ஆசையாலோ இரகசியத்தை விற்பவன் துரோகி. அவனை நாம் இங்கே ஆதரித்துப் பேசவில்லை.

ஆனால் இரகசியம் என்ற திரைக்கு ஓர் எல்லை இருக்கிறது. சபைகளில் பேசப்படுபவை அமானிதம் என்றும், அநியாயமாக இரத்தம் சிந்துதல், கற்பைச் சூறையாடுதல், பிறர் பொருளை முறையின்றிப் பறித்தல் ஆகிய மூன்றும் அதற்கு விதிவிலக்கு என்றும் கருத்துடைய ஒரு நபிமொழி, ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் அறிஞர்கள் சிலர் குறை கண்டுள்ளனர். எனினும் அதன் கருத்துக்கு வலுச் சேர்க்கும் சான்றுகள் மார்க்கத்தில் நிறைய உள்ளன. புறம் பேசுவதை அவ்வளவு வன்மையாகக் கண்டிக்கும் நமது மார்க்கத்தில், அது அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் பட்டியலிடுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் ஆட்சியாளரிடமோ நீதிபதியிடமோ முறையிடுவது அதில் முதலாவது. தீமையை மாற்ற உதவி தேடுவது இரண்டாவது.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் ஒரு மனிதர் வருகிறார். 28ஆம் அத்தியாயம் 20ஆம் வசனத்தில் அவரைப் பற்றிய செய்தி இருக்கிறது. நகரின் கோடியிலிருந்து அவர் ஓடி வருகிறார். பிரமுகர்கள் கூடி மூஸாவைக் கொல்ல ஆலோசிக்கின்றனர் என்ற செய்தியைச் சொல்லி, வெளியேறிவிடுமாறு அறிவுரை கூறுகிறார். அவர் ஃபிர்அவ்னின் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றே விரிவுரையாளர்கள் பலர் கூறுகின்றனர். அப்படியென்றால் அவர் யார்? அரண்மனையின் உள்வட்டத்தைச் சார்ந்தவர். இரகசிய ஆலோசனையின் முடிவை வெளியே சொன்னவர். ஓர் உயிரைக் காக்கும் பொருட்டு அதைச் செய்தார். அல்லாஹ் அவரைக் கண்டித்தானா? இல்லையே! கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் அவருடைய ஓட்டத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறான்.

வாசலில்லாத வீடு

இனி மற்றொரு பக்கம்: சாட்சிக்கு எவரும் தீங்கு செய்யலாகாது.

அமெரிக்காவில் அரசு அலுவலகங்களில் நடக்கும் முறைகேட்டை வெளிக்கொணரும் ஊழியரை 'விசில் புளோயர்' என்பார்கள். அத்தகையோரைக் காக்க 1989ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதோ பதவியிறக்கம் செய்வதோ கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம்தான். ஆனால் சி.ஐ.ஏ., தேசியப் பாதுகாப்பு முகமையாகிய என்.எஸ்.ஏ. போன்ற உளவு அமைப்புகளின் ஊழியர்கள் அதன் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். எங்கே இருள் அதிகமோ அங்கே விளக்கு வைக்கப்படவில்லை.

பின்னர் 1998ஆம் ஆண்டு உளவுத்துறை ஊழியர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன் தலைப்பில் 'பாதுகாப்பு' என்ற சொல் இருக்கிறது. உள்ளே திறந்து பார்த்தால், ஊழியரைப் பழிவாங்கினால் தண்டனை என்ற விதி அதில் இல்லை! புகாரை எந்த வழியாக நாடாளுமன்றக் குழுக்களுக்குக் கொண்டு செல்லலாம் என்ற பாதையை மட்டும் அது வகுத்தது.

அந்தப் பாதைதான் எப்படிப்பட்டது? புகாரை முதலில் 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' என்ற அதிகாரியிடம் தர வேண்டும். நம்மூர்க் காவல்துறை ஐ.ஜி. என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு துறைக்குள்ளும் இருந்து அத்துறையின் முறைகேடுகளை விசாரிப்பவருக்கு அங்கே அந்தப் பெயர். 2019ஆம் ஆண்டில் இருந்த நடைமுறைப்படி, புகார் நம்பத்தக்கதா என்று 14 நாட்களுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். நம்பத்தக்கது என்றால் துறைத் தலைவரிடம் அனுப்புவார். துறைத் தலைவர் 7 நாட்களுக்குள் நாடாளுமன்றத்தின் உளவுத்துறைக் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும்.

நம்பத்தக்கதன்று என அவர் ஒதுக்கிவிட்டால்? ஊழியர் தாமே நாடாளுமன்றக் குழுவை நாடலாம். ஆனால் அதற்கு முன் தமது நோக்கத்தைத் துறைத் தலைவருக்குத் தெரிவித்து, எப்படி அணுக வேண்டும் என்ற வழிகாட்டுதலை அவரிடமிருந்தே பெற்று, அதன்படி நடக்க வேண்டும்! இவ்வழியில் அதிகாரிகள் எடுக்கும் முடிவை எதிர்த்து நீதிமன்றத்திற்கும் செல்ல முடியாது என்று அச்சட்டம் சொல்லிவிட்டது.

சகோதரர்களே! வீட்டுக்காரர் மீது புகார் கொடுக்கச் செல்பவன், அந்த வீட்டுக்காரரிடமே வழி கேட்டுச் செல்ல வேண்டும் என்றால் அதை வாசல் என்பதா, சுவர் என்பதா? சாட்சியை மறைக்காதே என்ற பாதி இங்கே இருக்கிறது. சாட்சிக்குத் தீங்கிழைக்காதே என்ற பாதி விடுபட்டுவிட்டது.

சொன்னபடி நடந்தவருக்கு நேர்ந்தது

"முறையாகச் சொல்லியிருக்கலாமே, ஏன் பத்திரிகைக்குப் போனார்கள்?" என்று சிலர் கேட்கின்றனர். முறையாகச் சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

தாமஸ் டிரேக் என்பவர் என்.எஸ்.ஏ.யின் மூத்த அதிகாரி. அங்கே அவர் முழுநேர ஊழியராகப் பணியில் சேர்ந்த நாள் 2001 செப்டம்பர் 11. அந்நாளின் தாக்குதல்களுக்குப் பின் அவ்வமைப்பு தன் சொந்த நாட்டு மக்களின் தொடர்புகளையே நீதிமன்ற ஆணையின்றி அலசத் தொடங்கியதையும், 'டிரெயில்பிளேசர்' என்ற திட்டத்தில் மக்கள் வரிப்பணம் பெருமளவில் வீணாவதையும் அவர் கண்டார். குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்கும் ஏற்பாடுகளுடன், அதைவிடக் குறைந்த செலவில் உருவான 'தின்திரெட்' என்ற வேறொரு திட்டம் கைவிடப்பட்டதையும் கண்டார்.

அவர் என்ன செய்தார்? மேலதிகாரிகளிடம் சொன்னார். தமது அமைப்பின் இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் சொன்னார். நாடாளுமன்றக் குழுக்களின் விசாரணைக்குத் தகவல் தந்தார். 2002ஆம் ஆண்டு, அதே அமைப்பிலிருந்து விலகிய மூவரும், நாடாளுமன்றக் குழுவில் பணியாற்றிய ஒரு பெண்மணியும் பாதுகாப்புத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தனர். அப்போது பணியில் இருந்த டிரேக் அதில் கையெழுத்திடவில்லை. ஆனால் விசாரணைக்கு வேண்டிய விவரங்களைத் தந்து உதவினார். சட்டம் காட்டிய அத்தனை கதவுகளையும் தட்டினார்.

விசாரணை அறிக்கை 2004இல் தயாராயிற்று. அதுவும் பெரும்பகுதி இரகசியமாகவே வைக்கப்பட்டது. கதவுகள் திறக்கவில்லை என்று கண்ட பிறகே டிரேக், 'பால்டிமோர் சன்' நாளிதழின் செய்தியாளர் ஒருவருடன் தொடர்பு கொண்டார். இரகசிய முத்திரையிட்ட எதையும் தாம் தரவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடு. டிரெயில்பிளேசர் திட்டமோ 2006இல் கைவிடப்பட்டது.

2007 ஜூலையில், அந்தப் புகாரில் கையெழுத்திட்டவர்களின் வீடுகளில் ஆயுதம் தாங்கிய எஃப்.பி.ஐ. அதிகாரிகள் நுழைந்து சோதனையிட்டனர். நவம்பரில் டிரேக்கின் வீடும் சோதனைக்குள்ளாயிற்று. 2010 ஏப்ரலில் அவர்மீது பத்துக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. அவற்றுள் ஐந்து, 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழ். அனைத்தும் நிரூபணமானால் 35 ஆண்டுகள் வரை சிறை!

வழக்கு என்னவாயிற்று? 2011 ஜூனில், விசாரணை தொடங்கவிருந்த வேளையில், அரசுத் தரப்பு பத்துக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டது. கணினியை அனுமதிக்கு மேல் பயன்படுத்தினார் என்ற ஒரு சிறு குற்றத்தை மட்டும் டிரேக் ஒப்புக்கொண்டார். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 240 மணி நேரச் சமூகத் தொண்டு என்பதே தீர்ப்பு. வீட்டைச் சோதனையிட்டு இரண்டரை ஆண்டுகள் ஒரு மனிதரை அந்தரத்தில் தொங்கவிட்டதை நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். அபராதம் விதிக்கவும் மறுத்தார்.

நீதி கிடைத்துவிட்டது என்று எண்ணுகிறீர்களா? வேலை போயிற்று. சேமிப்பு கரைந்தது. உளவுத்துறையின் உயர் அதிகாரியாக இருந்தவர் ஆப்பிள் நிறுவனத்தின் கடையொன்றில் விற்பனைப் பணிக்குச் சென்றார். தண்டனை தீர்ப்பில் இல்லை. தீர்ப்பு வரும்வரை கழிந்த ஆண்டுகளில் இருந்தது.

இவ்வரலாற்றில் நம்மை உலுக்கும் இன்னொரு செய்தி உண்டு. பாதுகாப்புத் துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்தில் உயர் பொறுப்பில் இருந்த ஜான் கிரேன் என்பவர், புகார் கொடுத்தவர்களைப் பற்றிய விவரங்களைத் தமது அலுவலகத்தினரே நீதித்துறை அமைச்சகத்துக்குத் தந்துவிட்டனர் என்று 2016இல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். புகாரைக் காக்க வேண்டிய கையே புகார் கொடுத்தவரைக் காட்டிக் கொடுத்தது என்பதே அவர் கூறியதன் பொருள்.

ஓர் அனுமதி, ஒரு வாழ்வு

பழிவாங்குவதற்குச் சிறைதான் வேண்டும் என்பதில்லை. உளவுத்துறையில் இரகசியக் கோப்புகளைப் பார்க்கும் அனுமதி பெற்றவர்தான் பணியாற்ற முடியும். அந்த அனுமதியைப் பறித்தால் நாற்காலி இருந்தும் வேலை இல்லை. அத்துறையில் வேறெங்கும் வேலை கிடைக்காது. 1988ஆம் ஆண்டு கடற்படைக்கும் ஈகன் என்பவருக்கும் இடையிலான வழக்கில், அனுமதி வழங்குவதும் மறுப்பதும் நிர்வாகத்தின் அதிகாரம், ஊழியர் முறையீட்டு வாரியம் அதன் நியாயத்தை ஆராய முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சப்தமில்லாமல் ஒருவரை முடக்க இந்த ஒரு வழி போதும்.

நியாயமாகச் சொல்வதென்றால், பிற்காலத்தில் சில திருத்தங்கள் வந்தன. அனுமதியைப் பறித்துப் பழிவாங்கலாகாது என்று 2012 அக்டோபரில் அதிபர் ஒபாமா ஆணை பிறப்பித்தார். 2014இல் அப்பாதுகாப்பு சட்ட வடிவம் பெற்றது. ஆனால் உண்மையைச் சொன்னதற்காகப் பழிவாங்கப்பட்டேன் என்று நேராக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமையை அவை தரவில்லை. 2012 ஆணையின்படி மூன்று இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் அடங்கிய குழு ஆராயலாம், பரிந்துரைக்கலாம். பரிந்துரையைத் துறைத் தலைவர் கவனத்துடன் பரிசீலிப்பார். அவ்வளவுதான்.

மேலும், உளவுப் பணியில் பெரும் பங்கைத் தனியார் நிறுவனங்களின் ஒப்பந்த ஊழியர்கள் செய்கின்றனர். 2013 ஜூனில் கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசிப் பதிவுகள் திரட்டப்படுவதை வெளிப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் அத்தகைய ஓர் ஒப்பந்த ஊழியரே. ஒப்பந்த ஊழியர்களுக்கு அன்று நிறுவன ஊழியருக்குரிய முழுப் பாதுகாப்பு இருக்கவில்லை. 2018 ஜனவரியில்தான் சட்டம் அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஸ்னோடன் செய்த முறை சரியா, அவர் எடுத்துச் சென்றவை அளவுக்கு மிஞ்சியவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவர் வெளிப்படுத்திய தொலைபேசிப் பதிவுத் திட்டத்துக்குச் சட்டத்தின் ஆதாரம் இல்லை என்று 2015 மே மாதம் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே கூறியது. அதற்கடுத்த மாதம் சட்டமும் திருத்தப்பட்டது. எனினும் சொன்னவர் நாடு திரும்ப இயலவில்லை. 2022இல் ரஷ்யக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழ்கிறார்.

கதவு காவலருக்கும் காவல் இல்லை

2019 ஆகஸ்ட் 12 அன்று உளவுத்துறை ஊழியர் ஒருவர், அதிபர் டிரம்ப் உக்ரைன் அதிபருடன் நடத்திய தொலைபேசி உரையாடல் குறித்துப் புகார் கொடுத்தார். பத்திரிகையை நாடவில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய பாதையிலேயே சென்றார். உளவு அமைப்புகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்த மைக்கேல் அட்கின்சன் அதை நம்பத்தக்கது, அவசரமானது என்று முடிவு செய்து ஆகஸ்ட் 26 அன்று பொறுப்புத் தலைவருக்கு அனுப்பினார்.

ஏழு நாட்கள் கடந்தன. புகார் நாடாளுமன்றத்துக்குச் செல்லவில்லை. இது சட்டம் குறிப்பிடும் அவசர விவகாரம் ஆகாது என்று நீதித்துறை அமைச்சகம் கருத்துரைத்ததால் நிறுத்தி வைக்கப்பட்டது. யாரைப் பற்றிய புகாரோ அவருடைய ஆளுகையின் கீழிருந்த அமைச்சகம், அப்புகார் செல்லலாமா என்று முடிவு செய்தது! செப்டம்பர் 9 அன்று அட்கின்சன், இப்படியொரு புகார் இருக்கிறது என்பதை நாடாளுமன்றக் குழுக்களுக்குத் தெரிவித்த பிறகே செய்தி வெளியுலகுக்கு வந்தது.

அதன்பின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். டிசம்பர் 18 அன்று பிரதிநிதிகள் சபை அதிபர்மீது குற்றம் சுமத்தியது. 2020 பிப்ரவரி 5 அன்று செனட் அவரை விடுவித்தது. அந்த அரசியல் வழக்கின் சரி தவறு நமது இன்றைய பேச்சன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறு. புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடச் சொல்லி வெளிப்படையாகவே குரல்கள் எழுந்தன. புகாரைச் சட்டப்படி ஏற்று அனுப்பிய அட்கின்சனை 2020 ஏப்ரல் 3 அன்று அதிபர் பதவியிலிருந்து நீக்கினார். சாட்சிக்கு மட்டுமா தீங்கு? சாட்சியத்தை எழுதிக்கொண்டவருக்கும் தீங்கு! எழுதுபவர், சாட்சி என இருவரையும் சேர்த்தே திருமறை ஏன் சொன்னது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

பிரிட்டனில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

பிரிட்டனின் நிலை இன்னும் கடுமை. அங்கே முறைகேட்டை வெளிப்படுத்தும் ஊழியரைக் காக்க 1998இல் வந்த சட்டமும் உளவு அமைப்புகளின் ஊழியருக்குப் பொருந்தாது. 1989ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டமோ, "பொதுமக்களின் நன்மைக்காகவே சொன்னேன்" என்று அவர்கள் வாதிடவே இடம் தரவில்லை. உள்ளேயே முறையிட வழிகள் உள்ளன என்பது அரசின் பதில்.

காதரின் கன் என்ற பெண்மணி, செல்ட்டன்ஹாம் நகரில் உள்ள ஜி.சி.எச்.கியூ. என்ற ஒட்டுக்கேட்பு அமைப்பில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 2003 ஜனவரி 31 அன்று அமெரிக்க என்.எஸ்.ஏ.யிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஈராக் போர் குறித்து ஐ.நா. பாதுகாப்பு அவையில் வாக்களிக்கவிருந்த உறுப்பு நாடுகளின் தூதர்களை ஒட்டுக்கேட்க உதவி கோரும் மடல் அது. ஒரு போருக்கு அனுமதி பெறத் தூதர்களின் அந்தரங்கம் ஒட்டுக்கேட்கப்படுகிறது என்றுணர்ந்த அவர், அதன் படியை வெளியே சேர்ப்பித்தார். மார்ச் 2 அன்று 'அப்சர்வர்' ஏடு அதை வெளியிட்டது.

சக ஊழியர்கள் ஒவ்வொருவராக விசாரிக்கப்படுவதைக் கண்டு, தாமே முன்வந்து "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டார். தமக்காகப் பிறர் சந்தேகத்துக்கு ஆளாகக்கூடாது என்ற நேர்மை அது. நவம்பரில் வழக்குப் பதிவாயிற்று. 2004 பிப்ரவரி 25 அன்று, சான்று எதையும் முன்வைக்கப் போவதில்லை என்று அரசுத் தரப்பே கூறிவிட, வழக்கு முடிந்தது. அவர் விடுதலையானார். ஆனால் சட்டம் அவரைக் காக்கவில்லை. அரசு பின்வாங்கியதால் தப்பினார். இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு!

அவருடைய செயலால் போர் நின்றுவிடவில்லை. பாக்தாத் மீது குண்டுகள் விழத்தான் செய்தன. என்றாலும் அவர் தம் சாட்சியத்தை மறைக்கவில்லை. பலனைத் தருவது நம் கையில் இல்லை. சாட்சியம் நம் கையில் இருக்கிறது.

நீதியான சட்டம் எப்படி இருக்க வேண்டும்?

இவ்வரலாறுகளிலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: புகார் யார்மீதோ, அவர் கையில் புகாரின் விதி இருக்கலாகாது. வாதியும் பிரதிவாதியும் தம்முன் சமமாக அமரும்படி செய்பவரே காளி. பிரதிவாதியே காளியாக அமர்ந்தால் அது வழக்கு மன்றமாகாது.

இரண்டு: பழிவாங்கப்பட்டவருக்கு, துறைக்கு வெளியே உள்ள நீதிபதியிடம் முறையிட உரிமை வேண்டும். இரகசியம் கெடாதபடி மூடிய அறையில் விசாரிக்கலாம். அறை மூடியிருக்கலாம்; நீதி மூடியிருக்கலாகாது.

மூன்று: இரகசியத்தை விற்றவனையும், அநீதியைச் சொன்னவனையும் ஒரே சட்டத்தால் ஒரே தட்டில் நிறுக்கலாகாது. நோக்கம் என்ன, சொல்லப்பட்டது உண்மையா, அதனால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததா என்று கேட்க நீதிபதிக்கு இடம் தர வேண்டும். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று பாடம் படித்த நமக்கு இது புதிதன்று.

இவை இருந்தால் ஊழியர் பத்திரிகையைத் தேடி ஓட வேண்டியதில்லை. அரசின் உண்மையான இரகசியங்களும் பத்திரமாக இருக்கும். உள்வாசலை அடைப்பவர்களே வெளிச்சுவரை உடைக்கத் தூண்டுகின்றனர்.

அந்த இளைஞருக்கு விடை இதுதான்: முதலில் உள்ளே முறையிடுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள், கூட்டாதீர்கள். பிறர் உயிருக்கு ஆபத்தான எதையும் தொடாதீர்கள். இவ்வளவும் செய்த பின்னரும் பேரநீதி தொடருமானால், உறுதிமொழி அநீதிக்குப் போர்வையாகாது. ஆனால் விலை கொடுக்க நேரும் என்பதை அறிந்தே இறங்குங்கள். அந்த விலையை அவர்மீது சுமத்தும் சமுதாயம்தான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

என் தவறு ஒன்று

சகோதரர்களே! இவையெல்லாம் தொலைதூர அரசுகளின் கதை என்று எண்ணி எழுந்துவிடாதீர்கள். இந்த மிம்பரில் நின்று ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நான் இமாமாக இருந்தேன். பொதுக் காரியத்துக்காக வசூலான பணத்தின் கணக்கை எழுதிவந்த ஓர் இளைஞர் ஒருநாள் இஷாவுக்குப் பின் என்னிடம் வந்து, கணக்கில் பணம் இடிக்கிறது என்று நடுங்கிய குரலில் சொன்னார். "என் பெயர் வெளியே வர வேண்டாம் ஹஜ்ரத்" என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் நான் பொறுப்பாளரிடம் விசாரித்தேன். "யார் சொன்னது?" என்று அவர் கேட்டார். சற்றும் யோசிக்காமல் பெயரைச் சொல்லிவிட்டேன். தீய எண்ணம் இல்லை. ஆனால் அமானிதம் போயிற்று. ஒரு மாதத்திற்குள் அந்த இளைஞர் பகலில் பார்த்துவந்த கடை வேலையும் போயிற்று. கடைக்காரர் பொறுப்பாளரின் உறவினர். பின்னர் கணக்கைச் சரிபார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. பணம் திரும்ப வந்தது. அவருடைய வேலை திரும்ப வரவில்லை.

அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார். "இனி எதைக் கண்டாலும் பேசமாட்டேன் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஒரு சாட்சிக்குத் தீங்கிழைத்தால், அவருடைய வேலை மட்டும் போவதில்லை. அடுத்து வரவிருந்த பத்துச் சாட்சிகளின் வாயும் அடைபட்டுவிடுகிறது. வாஷிங்டனில் நடப்பதும் இதுதான். நம் மஹல்லாவில் நடப்பதும் இதுதான்.

ஆகவே உங்களிடம் ஒருவர் கடையிலோ, அலுவலகத்திலோ, நிர்வாகத்திலோ நடக்கும் தவற்றைச் சொல்ல வந்தால், முதலில் அவர் பெயரைக் காத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை விசாரியுங்கள். அவரை விசாரணைக் கூண்டில் ஏற்றாதீர்கள். பொய்யென்று தெளிவாகும்வரை அவரைச் சாட்சியாகவே கண்ணியப்படுத்துங்கள்.

யா அல்லாஹ்! கண்ட உண்மையை அஞ்சாமல் சொல்லும் துணிவை எங்களுக்குத் தருவாயாக! சொன்னவரைக் காட்டிக் கொடுக்கும் இழிவிலிருந்து எங்களைக் காப்பாயாக! ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தையும், ஒப்படைக்கப்பட்ட சாட்சியத்தையும் அதனதன் இடத்தில் வைத்துக் காக்கும் தவ்ஃபீக்கை எங்கள் அனைவருக்கும் நல்குவாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.